கிளைக்கோல் நுரைத்தால் முதலில் வாயிலைப் பாருங்கள்

வளைகுடா நாடொன்றில் எரிவாயு நிலையத்தில், வாயுவைக் கிளைக்கோல் என்ற திரவத்தால் உலர்த்தும் அலகில் வேலை செய்யும் நம் ஊர்த் தம்பி ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: "அண்ணா, எங்கள் கிளைக்கோல் அலகில் மூன்று வாரமாக ஒரே நுரை. கோபுரத்தின் அமுக்க வேறுபாடு ஏறி ஏறி இறங்குகிறது. வெளியேறும் வாயுவில் ஈரம் கூடிவிட்டது. நுரையடக்கி ஊற்றினால் இரண்டு நாள் அமைதி, பிறகு பழையபடிதான். இப்போது நாளுக்கு இரண்டு தரம் ஊற்றுகிறோம். கிளைக்கோலும் கறுத்துவிட்டது. பராமரிப்புக்காகக் கிணறுகளை மூடித் திறந்த பிறகுதான் இது தொடங்கியது. முழுக் கிளைக்கோலையும் மாற்றிவிடலாம் என்று மேலே பேசிக்கொள்கிறார்கள். மாற்றலாமா?"

தம்பி, இப்போது மாற்ற வேண்டாம். காரணத்தைக் கண்டுபிடிக்காமல் புதுக் கிளைக்கோல் விட்டால் அதுவும் சில வாரங்களில் இதே நிறத்துக்கு வந்துவிடும். பீப்பாய்க் கணக்கில் பணம் போனதுதான் மிஞ்சும். இருபத்திரண்டு ஆண்டுகள் இந்த அலகுகளோடு இருந்துவிட்டு இப்போது யாழ்ப்பாணத்தில், கோண்டாவிலில் வந்து இருக்கிறேன். நான் பார்த்த நுரைகளில் பெரும்பாலானவை கோபுரத்துக்குள் பிறக்கவில்லை. கோபுரத்தின் வாயிலில் நின்று வாயுவிலிருந்து திரவத்தைப் பிரித்தெடுக்கும் செப்பரேட்டரைத் தாண்டி உள்ளே வந்தன. உங்கள் கேள்வியிலேயே பாதி விடை இருக்கிறது: கிணறுகளை மூடித் திறந்த பிறகு தொடங்கியது என்கிறீர்கள்.

இந்தத் துறைக்குப் புதியவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிணற்றிலிருந்து வரும் வாயுவில் நீராவி நிறைந்திருக்கும். குழாய் குளிர்ந்தால் அது நீராகும். நீரும் மீதேனும் உயர் அமுக்கத்தில் சேர்ந்தால், உறைநிலைக்கு மேலான வெப்பநிலையிலேயே பனிக்கட்டி போன்ற ஐதரேட்டு உருவாகிக் குழாயை அடைத்துவிடும். காபனீரொட்சைட்டோ ஐதரசன் சல்பைட்டோ இருந்தால் அந்த நீர் அமிலமாகி இரும்பை அரிக்கும். ஆகவே வாயுவை உலர்த்தித்தான் அனுப்ப வேண்டும். அமெரிக்கக் குழாய்ப்பாதைகளில் வழக்கமான எல்லை, பத்து இலட்சம் கன அடி வாயுவுக்கு 7 இறாத்தல் நீர். இதற்காக ட்ரை எதிலீன் கிளைக்கோலைக் கோபுரத்தின் உச்சியிலிருந்து விடுகிறோம். வாயு கீழிருந்து மேலே போகும்போது கிளைக்கோல் நீரை உறிஞ்சிக்கொள்ளும். நீரேறிய கிளைக்கோலை ரீபொயிலர் என்ற கொதிகலனில் 190 முதல் 204 பாகை செல்சியஸ் வரை சூடாக்கி, நீரை ஓட்டிவிட்டு, திரும்பவும் கோபுரத்துக்கே அனுப்புகிறோம்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வாயு ஒரு முறை வந்து போகிறது. கிளைக்கோல் மாதக்கணக்கில் அதே சுற்றில் ஓடுகிறது. ரீபொயிலர் நீரை மட்டும்தான் ஒழுங்காக வெளியேற்றும். உப்பு, கொம்பிரசர் எண்ணெய், துரு, அரிப்புத் தடுப்பு மருந்து எல்லாம் உள்ளேயே தங்கிச் சேர்ந்துகொண்டே போகும். நாளுக்கு ஒரு கரண்டி அழுக்கு என்றாலும் ஆறு மாதத்தில் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

நுரையைப் பற்றி நான் முதலில் படித்தது பல்கலைக்கழகத்தில் இல்லை. சிறுவயதில் எங்கள் அயல்வளவில் ஓர் ஆச்சி கருப்பணி காய்ச்சிப் பனங்கட்டி செய்வார். தாச்சியில் கருப்பணி கொதித்து நுரை விளிம்புவரை எழும்பும். ஆச்சி பதறமாட்டார். விரல் நுனியால் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தெளிப்பார்; நுரை அப்படியே அமரும். ஆனால் சில நாள்களில் எத்தனை சொட்டு விட்டாலும் திரும்பத் திரும்ப எழும்பும். அப்போது ஆச்சி தாச்சியைப் பார்க்கமாட்டார். மரத்திலிருந்து இறக்கிய முட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்து பார்ப்பார். ஏதாவது ஒன்று முதல்நாள் சரியாகக் கழுவப்படாமல் இருந்திருக்கும்.

கிளைக்கோலிலும் அதுதான் நடக்கிறது. தூய கிளைக்கோலுக்குள் வாயுவைக் குமிழியாக விட்டால் குமிழி மேலே வந்து உடைந்துவிடும். குமிழியைச் சுற்றியுள்ள மெல்லிய படலத்திலிருந்து திரவம் கீழே வடியும், படலம் மெலியும், உடையும். பரப்பிழுவையைக் குறைக்கும் ஒரு பொருள் வந்து படலத்தின் இருபுறமும் ஒட்டிக்கொண்டால் அந்த வடிதல் தாமதமாகிறது. படலம் எங்காவது மெலிந்தால் பக்கத்திலிருந்து திரவம் இழுபட்டு வந்து அந்த இடத்தை மூடிவிடுகிறது. குமிழி சாகாமல் நிற்கிறது. இரும்புச் சல்பைட்டுப் போன்ற நுண்துகள்கள் படலத்தில் ஒட்டிக்கொண்டால் அது இன்னும் உறுதியாகிறது. அரிப்பைத் தடுப்பதற்காகக் குழாய்ப்பாதையில் செலுத்தும் மருந்து இருக்கிறதே, அதன் தொழிலே ஒரு முனையால் இரும்பில் ஒட்டி மறுமுனையால் எண்ணெயைப் பிடித்து நிற்பதுதான். குழாய்க்குள் நல்ல காவலாளி. கிளைக்கோலுக்குள் வந்துவிட்டால் முதல்தரமான நுரைப்பொருள்.

இனி உங்கள் நுரையடக்கி. அது கிளைக்கோலில் கரையாத சிறு துளிகளாகப் பரவிப் படலத்தைக் கிழிக்கிறது. ஆச்சியின் தேங்காய் எண்ணெய் செய்ததும் இதையே. அளவோடு கொடுத்தால் நல்லது. அளவு மீறினால் அதுவே கிளைக்கோலோடு குழம்பி நுரையைத் தாங்கத் தொடங்கும், எண்ணெயையும் மருந்தையும் பிடிக்கும் காபன் வடிகட்டியையும் பாழாக்கும். நாளுக்கு இரண்டு தரம் என்பது அளவு மீறிய நிலை. நான் உங்கள் இடத்தில் இருந்தால் அதை ஒரு சோதனைக் கருவியாக மட்டும் வைத்திருப்பேன். ஒரு சிறு அளவு கொடுத்துவிட்டு அமுக்க வேறுபாட்டுமானியைப் பார்த்துக்கொண்டு நில்லுங்கள். சில நிமிடங்களில் முள் விழுந்தால் உள்ளே இருப்பது நுரைதான். அசையவே இல்லையென்றால் கோபுரத்துக்குள் வாயுவும் கிளைக்கோலும் சந்திக்கும் தட்டுகள் அடைத்திருக்கலாம், அல்லது வாயுவின் வேகம் கோபுரத்துக்குத் தாங்காத அளவில் இருக்கலாம். அதற்கு எந்த மருந்தும் உதவாது. உங்களுக்கு இரண்டு நாள் அமைதி கிடைக்கிறது என்பதால் நுரை என்றே எடுத்துக்கொள்கிறேன்.

அடுத்தது செப்பரேட்டர். இதில் நீங்கள் செலவிடும் ஒரு நாள், கிளைக்கோலில் செலவிடும் ஒரு மாதத்துக்குச் சமம். கிணறுகள் மூடியிருந்த நாள்களில் குழாயின் தாழ்ந்த இடங்களில் நீரும் எண்ணெயும் தேங்கியிருக்கும். உட்சுவரில் ஒட்டியிருந்த கறுப்புப் பொருக்கு உலர்ந்து தளர்ந்திருக்கும். திறந்ததும் எல்லாம் ஒரேயடியாகத் தள்ளப்பட்டு வரும். அதோடு, மூடும்போதோ திறக்கும்போதோ அரிப்புத் தடுப்பு மருந்தை வழமையைவிடக் கூடுதலாக விட்டிருப்பார்கள். எந்த நாளில் எத்தனை லீற்றர் விட்டார்கள் என்று குழாய்ப்பாதைக்காரரிடம் கேட்டு எழுதிவையுங்கள். உங்கள் நுரை தொடங்கிய நாளோடு அதை ஒப்பிடுங்கள்.

செப்பரேட்டரின் மட்டக் கண்ணாடியை நம்ப வேண்டாம். மட்டம் நாள் முழுவதும் பாதியில் அசையாமல் நின்றால் எனக்கு உடனே சந்தேகம் வரும். கண்ணாடியின் கீழ்த்துளையைச் சேறு அடைத்துவிட்டால் உள்ளே திரவம் நிரம்பி வழிந்தாலும் கண்ணாடி பழைய மட்டத்தையே காட்டும். வால்வை மூடி, கண்ணாடியை வடித்து, மறுபடி திறந்து, மட்டம் திரும்ப ஏறுகிறதா என்று உங்கள் கண்ணாலேயே பாருங்கள். பிறகு வடிகால் வால்வு. மணல் சிக்கி அரைகுறையாகத் திறக்கும் வால்வை நான் பலமுறை கண்டிருக்கிறேன். கடைசியாக உச்சியில் இருக்கும் கம்பிவலை மெத்தை. நுண்துளிகளைப் பிடிப்பது அதுதான். பராமரிப்பின்போது அதைக் கழற்றினார்களா, திரும்பப் பூட்டும்போது துண்டுகளுக்கு இடையில் இடைவெளி விட்டுவிட்டார்களா என்று அந்த வேலையைச் செய்தவர்களிடமே கேளுங்கள். கை அகல இடைவெளி போதும். வாயு முழுவதும் அந்த வழியாகவே ஓடும், மெத்தை வெறும் அலங்காரமாக நிற்கும்.

செப்பரேட்டர் ஒழுங்காக இருந்தும் நுரை வருவதுண்டு. எனக்கே நடந்தது. தை மாதம், பாலைவனக் குளிர். நாங்கள் வேலை செய்த நிலையத்தில் நாள்தோறும் அதிகாலை மூன்று மணிக்கு நுரை தொடங்கும், வெயில் ஏறியதும் தானாக அடங்கும். பகலில் எடுத்த மாதிரியில் குறை எதுவும் தெரியாது. ஒரு வாரம் நுரையடக்கி ஊற்றினோம். எட்டாவது நாள் நான் இரவுப் பதிவேடுகளை விரித்து வைத்து இரண்டு நிரல்களை மட்டும் ஒப்பிட்டேன்: கோபுரத்தை விட்டு வெளியேறும் வாயுவின் வெப்பநிலை, உள்ளே நுழையும் உலர் கிளைக்கோலின் வெப்பநிலை. பகலில் கிளைக்கோல் ஆறு பாகை கூடுதலாக இருந்தது. இரவு இரண்டரைக்குப் பிறகு வாயுவைவிடக் கீழே இறங்கியிருந்தது. காற்றால் குளிர்விக்கும் விசிறியை ஒருவரும் குறைக்கவில்லை. குளிர்காலத்திலும் முழு வேகத்தில் சுழன்றுகொண்டிருந்தது. வாயுவைவிடக் குளிர்ந்த கிளைக்கோல் மேலே பட்டதும் வாயுவில் ஆவியாக இருந்த கன ஐதரோகாபன்கள் கோபுரத்துக்குள்ளேயே திரவமாகி விழுந்தன. எந்தச் செப்பரேட்டராலும் அவற்றைப் பிடித்திருக்க முடியாது. அந்த இடத்தில் அவை ஆவி. விசிறியைச் சரிசெய்த அன்றிரவே நுரை நின்றது. உலர் கிளைக்கோல், வாயுவைவிட 5 முதல் 8 பாகை கூடுதலாக நுழைய வேண்டும். அதைவிட மிகக் கூடினால் நீரை உறிஞ்சும் ஆற்றல் குறையும், கிளைக்கோல் ஆவியாகவும் போகும். உங்கள் நுரைக்கு ஏதாவது நேர ஒழுங்கு இருக்கிறதா என்று இதையும் பாருங்கள். பதிவேட்டைப் புரட்டுவதற்குச் செலவு எதுவும் இல்லை.

இனி மாதிரி எடுப்பது. நிறமற்ற கண்ணாடிப் போத்தல் இரண்டு போதும். ஒன்று ரீபொயிலரிலிருந்து வரும் உலர் கிளைக்கோல், மற்றது வடிகட்டிகளுக்கு முன்னால் வரும் ஈரக் கிளைக்கோல். மாதிரிக் குழாயில் தேங்கியிருப்பதை முதலில் வடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் நேற்றைய அழுக்கைத்தான் ஆய்வுகூடத்துக்கு அனுப்புவீர்கள். இரண்டையும் அசையாமல் ஒரு மணிநேரம் மேசையில் வையுங்கள். மேலே மெல்லிய படலமாக வேறு திரவம் பிரிந்தால் ஐதரோகாபன். அடியில் மையைப் போன்ற கறுப்புப் பொடி படிந்தால் பெரும்பாலும் இரும்புச் சல்பைட்டு. எதுவும் படியாமல் திரவமே கபிலமாகி, பனங்கட்டிப் பாகு அடிப்பிடித்துக் கருகியது போன்ற இனிப்பு மணம் வந்தால் கிளைக்கோல் சூட்டில் சிதைந்திருக்கிறது. அந்த மணத்தை யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்கு நான் விளக்கத் தேவையில்லை. ஆனால் போத்தலின் வாயில் மூக்கை வைத்து இழுக்க வேண்டாம். ஈரக் கிளைக்கோலில் பென்சீன் கரைந்திருக்கும், அது புற்றுநோயை உண்டாக்கும் பொருள். உங்கள் வாயுவில் ஐதரசன் சல்பைட்டு இருந்தால் முகர்வது என்ற பேச்சுக்கே இடமில்லை. ரீபொயிலரின் நீராவி வெளியேறும் குழாய்க்குக் கீழே நின்று கதைத்துக்கொண்டிருக்கும் பழக்கமும் வேண்டாம். கிளைக்கோல் உறிஞ்சிய பென்சீன் வெளியேறும் வழி அதுதான்.

ஆய்வுகூடத்திலிருந்து வரும் தாளில் நான் பார்க்கும் எண்கள் சில உண்டு. அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். 7.0 முதல் 8.5 வரை. உப்பின் அளவைக் காட்டும் குளோரைட்டு லீற்றருக்கு 600 மில்லிகிராமுக்குக் கீழே. இரும்பு 15 மில்லிகிராமுக்குக் கீழே. ஐதரோகாபன் 0.3 சதவீதத்துக்குக் கீழே. மிதக்கும் திண்மத் துகள்கள் 200 மில்லிகிராமுக்குக் கீழே. உலர் கிளைக்கோலில் நீர் 1.5 சதவீதத்துக்குள். நுரைச் சோதனையும் கேட்டு வாங்குங்கள்: அளவுருளையில் கிளைக்கோலை ஊற்றி அடியிலிருந்து காற்றை ஒரே வேகத்தில் குமிழிக்க விடுவார்கள். நல்ல கிளைக்கோலில் நுரை 10 முதல் 20 மில்லிலீற்றர் அளவோடு நின்று, காற்றை நிறுத்தியதும் ஐந்து விநாடியளவில் உடைந்துவிடும். அதே கிளைக்கோலைக் காபனால் வடித்துவிட்டு இன்னொரு முறை சோதிக்கச் சொல்லுங்கள். நுரை அடங்கினால் உங்கள் எதிரி காபன் பிடிக்கக்கூடிய ஏதோ ஒன்று, அதாவது மருந்தோ எண்ணெயோ என்பது தெளிவாகும். இந்த ஒரு சோதனை பல நாள் வாக்குவாதத்தைத் தீர்த்துவைக்கும்.

குளோரைட்டு எண்ணை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். வலிகாமத்துக் கிணற்று நீரைக் கொதிக்கவைக்கும் கேத்திலின் அடியில் வெள்ளைப் பொருக்கு பிடிப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். நம் கேத்திலில் படிவது சுண்ணாம்பு. உங்கள் ரீபொயிலரின் நெருப்புக் குழாயில் படிவது கிணற்று நீரோடு வந்த உப்பு. நீர் ஆவியாகப் போனதும் உப்பைக் கரைத்து வைத்திருக்கக் கிளைக்கோலுக்கு வலு போதாது; குழாயின் சுடும் பரப்பில் வெளியேற்றிவிடும். படிவு வெப்பத்தைத் தடுக்க, அதன் கீழே உலோகம் அளவுக்கு மீறிச் சூடாகிறது. வெப்பமானி 200 காட்டும்போது குழாயின் மேற்பரப்பில் அதைவிட மிகக் கூடுதலாக இருக்கும். ட்ரை எதிலீன் கிளைக்கோல் 206 பாகையளவில் சிதையத் தொடங்கும். சிதைவில் அமிலம் உண்டாகும், அமிலம் இரும்பை அரிக்கும், இரும்பு துகளாகி நுரைக்குத் துணைபோகும். கடைசியில் குழாயே ஓட்டையாகும். கரைந்த உப்பை எந்த வடிகட்டியும் பிடிக்காது. வெற்றிடத்தில் காய்ச்சி வடித்துத் தூய்மைப்படுத்தலாம், அல்லது ஒரு பகுதியை எடுத்துவிட்டுப் புதியதைச் சேர்க்கலாம். அதனால்தான் குளோரைட்டு எண் தெரியாமல் "முழுக் கிளைக்கோலையும் மாற்றலாமா" என்ற கேள்விக்கு விடை சொல்லக்கூடாது என்கிறேன். குளோரைட்டு குறைவாகவும் அழுக்கு எண்ணெயாகவும் துகளாகவும் இருந்தால் வடித்தே மீட்கலாம்.

வாயுவில் ஈரம் கூடியதைப் பார்த்து, கிளைக்கோலை இன்னும் உலர்த்துவோம் என்று ரீபொயிலரின் சூட்டை யாராவது ஏற்றியிருக்கிறார்களா? அதையும் விசாரியுங்கள். 204க்கு மேலே போகவே கூடாது. அந்தச் சூட்டில் சாதாரண வளிமண்டல அமுக்கத்தில் ஏறத்தாழ 98.7 சதவீதச் செறிவு கிடைக்கும். அதற்கு மேல் வேண்டுமென்றால் உலர் வாயுவை ஊதுவது போன்ற வேறு வழியில்தான் நீரை விரட்ட வேண்டும், தீயைக் கூட்டி முடியாது.

வடிகட்டிகளைப் பற்றி நேரடியாகக் கேட்கிறேன்: கிளைக்கோலை வடிகட்டிக்குள் விடாமல் சுற்றி அனுப்பும் பக்கவழி வால்வு இப்போது மூடியிருக்கிறதா? அடிக்கடி அடைக்கிறது என்று இரவு முறைக்காரர் யாராவது திறந்துவிட்டு, பிறகு மூட மறந்திருப்பார். கறுத்த கிளைக்கோலைக் கண்டால் நான் முதலில் போய்த் தொட்டுப் பார்ப்பது அந்த வால்வின் கைப்பிடியைத்தான். துகள் வடிகட்டி 5 மைக்கிரோன் அளவில் இருக்க வேண்டும். அமுக்க வேறுபாடு ஒரு பாரைத் தாண்டினால் மாற்றிவிடுங்கள். இப்படிக் கறுத்திருக்கும்போது முதல் சில நாள்கள் ஒவ்வொரு வேலைமுறையிலும் மாற்ற வேண்டிவரும். மனம் தளர வேண்டாம், அழுக்கு வெளியே வருகிறது என்றே அதற்குப் பொருள். காபன் வடிகட்டி துகள் வடிகட்டிக்குப் பின்னால்தான் இருக்க வேண்டும். முன்னால் இருந்தால் துகளே அதை மூடிவிடும். காபன் தன் வலுவை இழந்தாலும் அமுக்கமானியில் காட்டிக்கொடுக்காது, கிளைக்கோலின் நிறமும் நுரைச் சோதனையும்தான் காட்டும். மூன்று வாரம் நுரையடக்கி குடித்த காபனை நான் மாற்றிவிடுவேன்.

ஈரக் கிளைக்கோல் ரீபொயிலருக்கு முன்னால் அமுக்கம் குறைந்து தங்கிப் போகும் பிளாஷ் தொட்டியில் எண்ணெய் அடுக்கை வழித்தெடுக்கும் வால்வு இருக்கும். பல இடங்களில் அதை ஆண்டுக்கணக்கில் திறந்ததே இல்லை. 60 முதல் 70 பாகையில் இருபது, முப்பது நிமிடம் தேங்கினால் எண்ணெய் மேலே பிரிந்துவிடும்; எடுக்காவிட்டால் ரீபொயிலருக்குப் போய்ச் சட்டென்று ஆவியாகிக் கிளைக்கோலையும் சேர்த்து மேலே எறியும்.

பி.எச். எண் 6க்குக் கீழே வந்தால் அமிலத்தை முறிக்க அமின் அல்லது போராக்ஸ் சேர்க்கச் சொல்வார்கள். சேர்க்கலாம், ஆனால் பல நாள்களாகப் பிரித்து, சிறிது சிறிதாக. ஒரே நாளில் கொட்டினால் உள்ளே ஒட்டியிருந்த சேறெல்லாம் ஒன்றாகப் பெயர்ந்து வடிகட்டியையும் தட்டுகளையும் அடைக்கும். எண் 9ஐத் தாண்டினால் அதுவே நுரையைக் கிளப்பும். அமிலத்தைத் திருத்தப் போய் நுரையை வாங்கிக்கொண்ட இடங்களும் உண்டு. சேமிப்புத் தொட்டியின் மேல்வெளியில் நைதரசனோ எரிவாயுவோ நிற்கிறதா என்றும் பாருங்கள். ஒட்சிசன் பட்டால் கிளைக்கோல் மெல்ல மெல்லப் புளித்து அமிலமாகும்.

இவற்றை எங்கள் காலத்தில் ஆங்கிலக் கையேடுகளிலும், ஏச்சு வாங்கியும்தான் கற்றோம். மன்னார்க் கடலில் எரிவாயு இருப்பது 2011இல் கண்டறியப்பட்டது. அது என்றாவது கரைக்கு வந்தால் அதை உலர்த்தும் கோபுரத்தடியில் நிற்கப்போவது கிளிநொச்சியிலும் யாழ்ப்பாணத்திலும் இப்போது படிக்கும் பிள்ளைகளாக இருக்க வேண்டும் என்பது என் ஆசை. அதனால்தான் இவ்வளவு நீளமாகத் தமிழில் எழுதுகிறேன்.

தம்பி, இன்றிரவு வேலைக்குப் போனதும் நுரையடக்கியை நாளுக்கு ஒரு தரமாகக் குறையுங்கள், பக்கவழி வால்வைப் பாருங்கள், மட்டக் கண்ணாடியை வடித்துப் பாருங்கள். பிறகு மூன்று விபரங்களை எனக்கு எழுதுங்கள்: கடந்த பத்து நாள்களின் மணிவாரி அமுக்க வேறுபாடும் அந்த இரண்டு வெப்பநிலைகளும், குழாய்ப்பாதையில் மருந்து விட்ட நாள்கள், உலர் கிளைக்கோலின் குளோரைட்டு எண். கம்பிவலை மெத்தையைப் பூட்டியவர் யாரென்று தெரிந்தால் அவரிடம் கோபப்படாமல் கேளுங்கள். கோபப்பட்டால் "சரியாகத்தான் பூட்டினேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார், உண்மையை அறிய நீங்கள் அடுத்த பராமரிப்புவரை காத்திருக்க வேண்டிவரும்.